மாட்டிக்கொண்டவருக்கு எழுதுவது: மென்பொருள் உதவிக் குறிப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பெருநிலம் என்று வன்னி முழுக்க இப்போது சின்னச் சின்ன மென்பொருட்கள் வேலை செய்கின்றன. பால் சேகரிக்கும் இடத்தில் லீற்றர் கணக்கு, அரிசி ஆலையில் மூடைக் கணக்கு, மாதர் சங்கத்தில் கடன் தவணைக் கணக்கு. யாழ். பல்கலைக்கழகப் பீடங்கள் இருக்கும் அறிவியல்நகரிலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் படித்து வெளியே வரும் பிள்ளைகளும் இப்படிச் செய்து கொடுக்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் மென்பொருளோடு சேர்த்துத் தரும் உதவிக் குறிப்பைப் பார்த்தால், ஒப்படைக்கிற நாளுக்கு முதல் இரவு எழுதியது என்று உடனேயே தெரிந்துவிடும். இந்த வழிகாட்டி அந்தக் குறிப்பை எழுதுகிறவர்களுக்கு.

உதாரணத்துக்கு ஒரே ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன்: கூட்டுறவுச் சங்கம் ஒன்று கமக்காரரிடம் நெல் வாங்கும்போது பற்றுச்சீட்டுப் போடும் மென்பொருள். கற்பனையானதுதான், ஆனால் இதுமாதிரி ஒன்றை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள்.

உதவிக் குறிப்பை யாரும் ஆசைக்கு வாசிப்பதில்லை. ஏதோ ஒன்றில் மாட்டிக்கொண்ட பிறகுதான் தேடுகிறார்கள். மேசைக்கு முன்னால் கமக்காரர் நிற்கிறார், வெளியே உழவு இயந்திரப் பெட்டியில் நெல் இருக்கிறது, திரையில் சிவப்பாக ஏதோ வந்துவிட்டது. அந்த நேரத்தில் 'அறிமுகம்', 'மென்பொருளின் நோக்கங்கள்' எல்லாம் யாருக்கு வேண்டும்? 1980களில் ஐபிஎம் நிறுவனத்தில் ஜோன் கரோல் என்பவரும் கூட வேலை செய்தவர்களும், கணினி பழக வந்தவர்களைப் பக்கத்தில் இருந்து கவனித்தார்கள். கையேட்டை ஒழுங்காக முதலிலிருந்து வாசிக்கப் பலருக்குப் பொறுமை இருக்கவில்லை. நேரே வேலையில் இறங்கினார்கள், எதையாவது அமத்திப் பார்த்தார்கள், பிழைத்த பிறகுதான் தாளைப் புரட்டினார்கள். கரோல் கையேட்டை வெட்டிக் குறுக்கினார். முன்னுரைகள் போயின. செய்ய வேண்டிய வேலை மிஞ்சியது. பிழைத்தால் எப்படி மீள்வது என்பது புதிதாகச் சேர்ந்தது. அதை வைத்துப் பழகியவர்கள் கெதியாகப் பழகினார்கள். நான் கீழே சொல்வதில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

படி 1: மெனுவை மூடிவிட்டு, கேள்விகளைச் சேருங்கள்

மென்பொருளின் மெனுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழாக ஒவ்வொன்றையும் விளக்கிக்கொண்டு போவதுதான் எல்லோரும் செய்வது. அது எழுதுகிறவருக்கு வசதி. வாசிக்கிறவர் மெனுவைத் தெரிந்துகொண்டு வருவதில்லை, ஒரு பிரச்சினையைத் தெரிந்துகொண்டு வருகிறார்.

ஆகவே முதலில் கேள்விகள். உங்களுக்கு வந்த தொலைபேசி அழைப்புகள், வட்ஸ்அப்பிலும் வைபரிலும் வந்த குரல் பதிவுகள், 'தம்பி, ஒருக்கா வந்து பார்த்திட்டுப் போங்கோ' என்று கூப்பிட்ட தடவைகள். இவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள், கேட்டவர் எந்தச் சொல்லில் கேட்டாரோ அதே சொல்லில். 'போட்ட சீட்டு பிழைச்சுப் போச்சு, எப்பிடி அழிக்கிறது?' என்பதை 'பற்றுச்சீட்டு இரத்து' என்று நீங்களாக மாற்றிவிடாதீர்கள். அந்தச் சொற்கள் பிறகு தலைப்புக்கும் தேடலுக்கும் வேண்டும்.

மென்பொருள் இன்னும் பாவனைக்கு வரவில்லை என்றால், கையால் கணக்கு எழுதும் பழைய முறையைப் போய்ப் பாருங்கள். கொப்பியில் எதை வெட்டித் திருத்துகிறார்கள், எந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் குறிக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். அங்கே எது சிக்கலோ அதுதான் கணினியிலும் சிக்கலாக வரும்.

எப்போது போகிறீர்கள் என்பதும் முக்கியம். காலபோக அறுவடை நடக்கும் மாசி, பங்குனியில் போய் உட்கார்ந்து கேள்வி கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு மூலையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க அதைவிட நல்ல நேரம் இல்லை. பேச வேண்டும் என்றால் அறுவடை முடிந்த பிறகு வாருங்கள்.

படி 2: உண்மையில் யார் வாசிக்கிறார் என்று பாருங்கள்

இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எங்கள் பக்கத்தில் மென்பொருளைப் பாவிக்கிறவரும் குறிப்பை வாசிக்கிறவரும் பல நேரம் வேறு வேறு ஆட்கள்.

சங்கத்தின் பொருளாளருக்கு வயது அறுபது தாண்டியிருக்கும். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஏ.எல் எழுதிவிட்டு நிற்கும் மகளைக் கூப்பிட்டு 'இதில என்ன எழுதியிருக்கு?' என்று கேட்கிறார். இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டியவர் பரந்தன் சந்தியிலோ மாங்குளத்திலோ இருக்கும் கொமினிக்கேசனுக்கு (தொலைபேசி, இணைய வேலை செய்து கொடுக்கும் கடைக்கு) போகிறார், அங்கே நிற்கும் தம்பி அவருக்காக நிரப்புகிறான். சில நேரம் ஒருவர் புதுக்குடியிருப்பில் கணினிக்கு முன்னால் இருக்க, மற்றவர் கிளிநொச்சியிலிருந்து தொலைபேசியில் குறிப்பை வாசித்துச் சொல்கிறார்.

இந்த மூன்றாவது ஆளை மனதில் வைத்து எழுதினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். தொலைபேசியில் வாசித்துச் சொல்ல முடியாத குறிப்பு நல்ல குறிப்பு இல்லை. 'கீழே உள்ள படத்தில் காட்டியவாறு செய்க' என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன தெரியும்? 'திரையின் மேலே, வலது மூலையில், பச்சை நிறத்தில் சேமி என்று எழுதிய பட்டன்' என்றால் படமே இல்லாமல் கை அங்கே போகும்.

படி 3: நாலு வகையைக் கலக்காதீர்கள்

டானியேலே புரொச்சிடா என்பவர் மென்பொருள் ஆவணங்களை நாலாகப் பிரிக்கிறார்: பழக்கும் பாடம், ஒரு வேலையை முடிக்கும் வழி, பார்த்துக்கொள்ளும் விபரம், விளக்கம். இன்றைக்கு மென்பொருள் ஆட்கள் நிறையப் பேர் பின்பற்றும் பிரிப்பு இது, சின்ன வேலைக்கும் பொருந்தும்.

புதிதாக வந்த பொருளாளருக்கு முதல் நாள் பாடம் வேண்டும்: பொய்க் கணக்கு ஒன்றைத் திறந்து, பொய்ப் பற்றுச்சீட்டு ஒன்றைப் போட்டு, அச்செடுத்துப் பார்த்து, அழித்துவிடுவது. ஏற்கெனவே பழகிய எழுதுவினைஞருக்கு அது தேவையில்லை, 'பிழையான சீட்டை இரத்துச் செய்வது' என்ற ஐந்து வரி போதும். நெல் இனங்களின் குறியீட்டுப் பட்டியல் தனியாக ஓர் அட்டவணை. 'இரத்துச் செய்த சீட்டின் எண்ணை ஏன் திரும்பப் பாவிக்க முடியாது?' என்பது விளக்கம். கணக்காய்வுக்கு வருகிறவர் கேட்பார் என்ற காரணத்தை ஓர் ஓரத்தில் எழுதி வைக்கலாம். ஐந்து வரி வழிக்கு நடுவில் அந்தக் காரணத்தைக் கொண்டுவந்து செருகினால், அவசரத்தில் நிற்பவர் மூன்றாம் படியைத் தவற விட்டுவிடுவார்.

படி 4: தலைப்பை அவர்கள் வாயில் வருவதுபோல வையுங்கள்

'பற்றுச்சீட்டு முகாமைத்துவம்' என்ற தலைப்பின் கீழ் என்ன இருக்கிறது என்று எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும். 'பிழையாகப் போட்ட பற்றுச்சீட்டை இரத்துச் செய்வது', 'ஒரே கமக்காரருக்கு இரண்டு பதிவு வந்துவிட்டால்', 'கரண்ட் நின்றுபோய் வந்த பிறகு என்ன பார்க்க வேண்டும்' என்று வையுங்கள். நீளமானாலும் பரவாயில்லை. படி 1இல் சேர்த்த சொற்களில் தலைப்புக்குள் வராதவற்றை முதல் வரியில் போடுங்கள். சீட்டு, பில், ரசீது என்று எந்தச் சொல்லில் தேடினாலும் பக்கம் அகப்பட வேண்டும். ஆனால் பக்கத்துக்குள் ஒரே பொருளுக்கு ஒரே பெயர்தான், திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். திரை ஆங்கிலத்தில் இருந்தால் பட்டனின் பெயரையும் ஆங்கிலத்திலேயே எழுதி, எப்படி வாசிப்பது என்பதைத் தமிழில் பக்கத்தில் போடுங்கள். நல்ல தமிழில் நீங்களாக மொழிபெயர்த்து எழுதினால், அந்தச் சொல்லைத் திரையில் தேடி வாசிக்கிறவர் அலைவார்.

படி 5: படிகளை எழுதுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் எடுக்க வேண்டும். முதலில் ஒரு மோசமான பந்தி. இந்தத் தமிழ் உங்களுக்கு நன்றாகப் பழக்கமாக இருக்கும்:

'பயனர் தமது உள்நுழைவு விபரங்களை உட்செலுத்தியதன் பின்னர் பற்றுச்சீட்டுத் தொகுதியினுள் பிரவேசித்து, இரத்துச் செய்யப்படவேண்டிய பற்றுச்சீட்டானது தெரிவுசெய்யப்பட்டு, அதற்கான காரணம் குறிப்பிடப்பட்டதன் பின்னர் உறுதிப்படுத்தப்படல் வேண்டும். உறுதிப்படுத்தப்பட்ட பற்றுச்சீட்டினை மீளப்பெற முடியாது என்பதனைக் கவனத்திற் கொள்க.'

கந்தோர்க் கடிதத்தின் தமிழ் அப்படியே உள்ளே வந்திருக்கிறது. 'செய்யப்பட்டு', 'குறிப்பிடப்பட்டு' என்று எல்லாம் தானாக நடப்பதுபோல இருக்கிறது, யார் செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. ஐந்து வேலைகள் ஒரே வசனத்தில் இருக்கின்றன. எந்தப் பட்டன் என்று இல்லை. எல்லாவற்றையும்விட மோசம், மீளப்பெற முடியாது என்ற எச்சரிக்கை கடைசியில் வருகிறது. அதை வாசிக்கும்போது அவர் பட்டனை அமத்தி முடித்திருப்பார்.

இனி அதையே இப்படி:

பிழையாகப் போட்ட பற்றுச்சீட்டை இரத்துச் செய்வது

கவனம்: இரத்துச் செய்த சீட்டைத் திரும்ப எடுக்க முடியாது. பெயர் மட்டும் பிழை என்றால் இரத்துச் செய்ய வேண்டாம்; 'பெயரைத் திருத்துவது' என்ற பக்கத்தைப் பாருங்கள்.

1. இடப்பக்கப் பட்டியலில் 'பற்றுச்சீட்டுகள்' என்பதை அமத்துங்கள். இன்று போட்ட சீட்டுகள் வரிசையாகத் தெரியும்.
2. மேலே உள்ள தேடல் பெட்டியில் சீட்டின் எண்ணை அடியுங்கள். ஒரு சீட்டு மட்டும் மிஞ்சும்.
3. அந்தச் சீட்டின் வலப்பக்கம் உள்ள 'இரத்து' என்ற பட்டனை அமத்துங்கள். காரணம் கேட்டு ஒரு பெட்டி வரும்.
4. காரணத்தை எழுதி, 'உறுதி' என்பதை அமத்துங்கள்.

சீட்டின் மேல் சிவப்பில் 'இரத்து' என்று வந்தால் வேலை முடிந்தது. வராவிட்டால், பக்கத்தின் அடியில் உள்ள இலக்கத்துக்கு அழையுங்கள்.

என்ன மாறியது என்று பாருங்கள். எச்சரிக்கை முன்னால் வந்துவிட்டது. ஒரு படிக்கு ஒரு வேலை. 'எழுதி, அமத்துங்கள்' மாதிரிப் பிரிக்க முடியாமல் ஒட்டியிருப்பது மட்டும் சேர்ந்து வரலாம். ஒவ்வொரு படிக்குப் பிறகும் திரையில் என்ன வரும் என்று சொல்லியிருக்கிறது, அது வராவிட்டால் அந்த இடத்திலேயே ஏதோ பிழை என்று அவருக்குத் தெரிந்துவிடும், நாலாம் படிவரை போய் முழிக்க வேண்டியதில்லை. எங்கே என்பது முதலில், என்ன செய்ய வேண்டும் என்பது பிறகு. தமிழில் வினைச்சொல் எப்படியும் கடைசியில்தான் வரும் என்பதால் இது நமக்குத் தானாகவே அமைகிறது. நிபந்தனையையும் முன்னால் வையுங்கள்: 'கமக்காரர் புதியவர் என்றால், புதிய பதிவு என்பதை அமத்துங்கள்'. பின்னால் வைத்தால் பழையவருக்கும் புதிய பதிவு போட்டுவிடுவார்கள்.

'அமத்துங்கள்' என்பதா 'சொடுக்கவும்' என்பதா என்று ஆட்கள் சண்டை பிடிப்பார்கள். நான் 'அமத்துங்கள்' பக்கம். ஆனால் எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே பாவியுங்கள்.

ஏழு எட்டுப் படிக்கு மேல் போனால் அதை இரண்டு வேலையாகப் பிரிக்க முடியுமா என்று பாருங்கள். பிரிக்க முடியாவிட்டால் குற்றம் பெரும்பாலும் மென்பொருளில் இருக்கும். நிரல் எழுதியவரிடம் போய்ச் சொல்லுங்கள். குறிப்பில் விளக்க முடியாமல் திணறுகிற இடம் எதுவோ, அதுதான் மென்பொருளில் திருத்த வேண்டிய இடம்.

படி 6: படிவத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் எழுதுங்கள்

உதவி என்பது தனிக் கையேடு மட்டும் இல்லை. கட்டத்துக்குக் கீழே வரும் ஒரு வரிதான் அதிகம் வாசிக்கப்படுகிறது. நமது படிவங்களில் மூன்று கட்டங்கள் எப்போதும் தொல்லை தரும்.

பெயர். 'முதற் பெயர்', 'இறுதிப் பெயர்' என்று வெளிநாட்டுப் படிவத்தை அப்படியே எடுத்து வைத்திருப்பார்கள். நாங்கள் தகப்பனின் பெயரை முன்னால் எழுதுகிறவர்கள். முதலில் எழுதும் பெயர் தகப்பனுடையது, தன் பெயர் பின்னால். ஒருவர் தன் பெயரை முதற் பெயரில் போடுவார், இன்னொருவர் தகப்பன் பெயரைப் போடுவார். கலியாணத்துக்குப் பிறகு பெண்களின் முதலெழுத்துக் கணவனுடையதாக மாறியிருக்கும், ஆனால் அடையாள அட்டையில் பழையதே இருக்கும். முடிந்தால் ஒரே கட்டமாக்கி, 'அடையாள அட்டையில் உள்ளபடி முழுப் பெயர்' என்று எழுதுங்கள். பணம் வங்கிக்குப் போகிறதென்றால், 'வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயர்' என்று இன்னொரு கட்டம் தனியாக வேண்டும்.

அடையாள அட்டை எண். பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும், 2016இலிருந்து வந்த புதிய எண்ணில் 12 இலக்கம், எழுத்து இல்லை. இரண்டும் இன்னமும் ஆட்களின் கையில் இருக்கின்றன. கட்டத்துக்குக் கீழே இரண்டுக்கும் ஒவ்வொரு மாதிரியைக் காட்டுங்கள். பழைய எண்ணோடு இருந்தவர் புதிய அட்டை எடுத்துக்கொண்டு வந்தால் கணினிக்கு அவர் வேறு ஆள். ஒரே கமக்காரருக்கு இரண்டு பதிவு வருவது பெரும்பாலும் இப்படித்தான். இதற்கு உதவிக் குறிப்பில் ஒரு பக்கம் கட்டாயம் இருக்க வேண்டும்.

தொலைபேசி இலக்கம். சிலர் 0இல் தொடங்குவார்கள், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளோடு பேசிப் பழகியவர்கள் 94இல் தொடங்குவார்கள். 'பிழையான இலக்கம்' என்று திட்டுவதைவிட இரண்டையும் ஏற்றுக்கொள்ளும்படி மென்பொருளைச் செய்யச் சொல்லுங்கள். அப்போது குறிப்பே தேவையில்லை.

படி 7: பிழைச் செய்தியையும் நீங்களே எழுதுங்கள்

பிழைச் செய்தியை நிரலாளரிடம் விட்டுவிடுவது வழக்கம். அதனால்தான் 'பிழை 1062' என்று ஒரு செய்தி பொருளாளரின் முன்னால் வந்து நிற்கிறது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் 1062 என்றால் ஒரே பதிவு இரண்டு தடவை வருகிறது என்று அர்த்தம். பொருளாளருக்கு அதை யார் சொல்வது?

நல்ல பிழைச் செய்தி மூன்று கேள்விக்குப் பதில் சொல்லும். என்ன நடந்தது? நான் அடித்தது இருக்கிறதா, போய்விட்டதா? இப்போது என்ன செய்வது? நடுவில் உள்ள கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், ஆனால் மின்சாரம் வந்து போகிற இடத்தில் ஆட்கள் முதலில் பயப்படுவது அதற்குத்தான்.

'இந்த அடையாள அட்டை எண்ணில் ஏற்கெனவே ஒரு கமக்காரர் பதியப்பட்டிருக்கிறார். நீங்கள் அடித்தது அழியவில்லை. எண்ணைச் சரிபார்த்து மீண்டும் சேமியுங்கள். எண் சரி என்றால், பழைய பதிவைத் திறங்கள்.' இதற்கு அடியில் சின்ன எழுத்தில் 1062 இருக்கட்டும், அழிக்க வேண்டாம். அவர் தொலைபேசியில் கூப்பிடும்போது அந்த இலக்கம் உங்களுக்கு உதவும்.

படி 8: படங்கள்

திரை முழுவதையும் பிடித்து ஒட்டாதீர்கள். போனில் பார்த்தால் எறும்பு எழுத்தாகத் தெரியும். தேவையான மூலையை மட்டும் வெட்டி, அமத்த வேண்டிய இடத்தைச் சுற்றிக் கட்டம் போடுங்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், போட்டோக்கொப்பியில் எல்லா நிறமும் சாம்பல்தான். சாம்பல் பின்னணியில் சாம்பல் எழுத்து இப்போது பாஷனாக இருக்கிறது. இணையப் பக்கங்களை எல்லோரும் பாவிக்கும்படி செய்வதற்கான வழிகாட்டல்கள், சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் வெளிச்சத்தில் 4.5க்கு 1 என்ற வேறுபாடாவது வேண்டும் என்கின்றன. வெயில் விழும் வாசலில் போனை வைத்துப் பார்க்கிறவருக்கு அதற்கு மேலும் இருந்தால் நல்லது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: உண்மையான கமக்காரரின் பெயரும் அடையாள எண்ணும் வங்கிக் கணக்கும் தெரியும் திரையைப் படம் பிடித்துக் கையேட்டில் போட வேண்டாம். கையேடு கைமாறி எங்கெங்கோ போகும். பொய்ப் பெயர்களோடு ஒரு மாதிரிக் கணக்கை முதலே உருவாக்கி வையுங்கள். முதல் நாள் பாடத்துக்கும் அது உதவும்.

படி 9: எழுத்துரு, எஸ்எம்எஸ், தாள்

இன்னமும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்கிற அலுவலகங்கள் இருக்கின்றன. பாமினியில் அடித்த கோப்பு திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். மெய்யெழுத்தின் புள்ளி, கணினியைப் பொறுத்தவரை ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் கிறுக்கல். தேடினால் ஒன்றும் அகப்படாது. கண் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும் செயலி உளறும். எந்தப் போனிலும் கணினியிலும் வாசிக்கக்கூடிய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோட்டில் தமிழ் 1991இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே இருக்கிறது. பழைய கோப்புகளை மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு தடவை கண்ணால் வாசியுங்கள், நிறுத்தக்குறிகள் எழுத்தாக மாறியிருக்கும்.

எஸ்எம்எஸ்ஸில் உதவி அனுப்புகிறீர்கள் என்றால் இடம் மிகக் குறைவு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துப் போகும், தமிழில் 70தான். அதிலும் கணினி எண்ணுவது வேறு மாதிரி. 'கொள்வனவு' நம் கண்ணுக்கு 5 எழுத்து, எஸ்எம்எஸ் கணக்கில் 8. புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். 70ஐத் தாண்டினால் செய்தி 67, 67ஆக உடைந்து ஒவ்வொன்றுக்கும் காசு போகும். ஆகவே 'மதிப்பிற்குரிய அங்கத்தவர் அவர்களுக்கு' என்று தொடங்காதீர்கள், பாதி இடம் அதற்கே போய்விடும். 'நெற்பணம் வங்கிக்குப் போனது' என்று முதலில் விஷயத்தைச் சொல்லுங்கள்.

பீடிஎப் கையேட்டை வட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. படங்களோடு இருபது முப்பது எம்பி வந்துவிடும். நாளுக்கு நாள் ரீலோட் போடுகிறவர் அதைத் திறக்கவே மாட்டார். ஒரு வேலைக்கு ஒரு பக்கம், சாதாரண இணையப் பக்கமாகவோ சின்னக் கோப்பாகவோ கொடுங்கள்.

அதோடு தாளை மறக்காதீர்கள். கணினி நின்றுபோன நேரத்தில் கணினிக்குள் இருக்கும் உதவியால் என்ன பலன்? அதிகம் கேட்கப்படும் நாலைந்து வேலைகளை ஒரு ஏ4 தாளில், 14 புள்ளி எழுத்தில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு மேசைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். அறுவடைக் காலத்துக்கு அந்த ஒரு தாள்தான் கையேடு.

படி 10: பக்கத்தில் இருந்து பாருங்கள், வாயைத் திறக்காதீர்கள்

குறிப்பு எழுதி முடிந்ததும் அலுவலகத்தில் இருப்பவரிடம் காட்டி 'எப்படி இருக்கு?' என்று கேட்பது சோதனை இல்லை. மென்பொருளைப் பாவிக்கப்போகிறவரிடம் கொண்டுபோக வேண்டும். 'விளங்குதா?' என்றும் கேட்க வேண்டாம். வன்னியில் யாரிடம் கேட்டாலும் 'ஓம் தம்பி, நல்லா விளங்குது' என்றுதான் பதில் வரும். படித்த பிள்ளை வந்து கேட்கிறது, விளங்கவில்லை என்று எப்படிச் சொல்வது என்ற மரியாதைதான். அந்த 'ஓம்'ஐ நம்பி அச்சடித்தால் அடுத்த கிழமையே போன் அடிக்கும்.

வேலை ஒன்றைக் கொடுங்கள். 'அண்ணை, 214ஆம் சீட்டு பிழை எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. இந்தத் தாளைப் பாத்து இரத்துச் செய்யுங்கோ. மனசில என்ன ஓடுதோ அதை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிச் செய்யுங்கோ. பிழைச்சா தாள்தான் பிழை, நீங்கள் இல்லை.' இந்தக் கடைசி வசனத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருங்கள்.

இதுதான் கஷ்டம். அவர் 'இடப்பக்கப் பட்டியல் எண்டால் எது?' என்பார். உங்கள் விரல் தானாகத் திரைக்குப் போகும். போக விடாதீர்கள். 'நீங்கள் எதெண்டு நினைக்கிறியள்?' என்று திருப்பிக் கேளுங்கள். அவர் எங்கே பார்க்கிறார், எந்த வரியைத் திரும்ப வாசிக்கிறார், எந்தப் படியைத் தாண்டிப் போகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் படியில் பட்டனைத் தேடி மேலும் கீழும் மவுஸ் ஓடுகிறதா? அப்படியென்றால் அந்த வரியில் இடம் சரியாகச் சொல்லப்படவில்லை. முதலாம் படியை வாசிக்காமலே அமத்திவிட்டாரா? அப்படியென்றால் அது அவருக்குத் தெரிந்த விஷயம், சுருக்கலாம். மவுஸைப் பறித்து 'இஞ்ச பாருங்கோ அண்ணை' என்று நீங்கள் செய்து காட்டிவிட்டால் அன்றைய சோதனை அதோடு முடிந்தது.

எத்தனை பேரிடம் பார்ப்பது? மென்பொருட்களை ஆட்கள் எப்படிப் பாவிக்கிறார்கள் என்று ஆராய்ந்த யாக்கோப் நீல்சன் போட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. அவர் பார்த்த திட்டங்களில் ஒரே ஒருவரை வைத்துச் சோதித்தாலே சராசரியாக 31 வீதச் சிக்கல்கள் வெளியே வந்தன. 5 பேர் என்றால் ஏறக்குறைய 85 வீதம். அது சராசரிதான், எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று இல்லை. ஆனால் ஐந்து பேரை ஒரே நாளில் பிடிக்க வேண்டாம். இரண்டு பேரிடம் பார்த்து, தாளைத் திருத்தி, மற்ற மூவரிடம் திருத்திய தாளைக் கொண்டுபோங்கள். அவர்களில் ஒருவராவது தொலைபேசியில் கேட்டுச் செய்கிறவராக இருக்கட்டும்: நீங்கள் வாசிக்க, அவர் அந்தப் பக்கத்தில் செய்து பார்க்கட்டும்.

படி 11: யார் பொறுப்பு, எந்தத் திகதி

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் திகதி, மென்பொருளின் பதிப்பு எண், கேட்க வேண்டிய தொலைபேசி இலக்கம். இந்த மூன்றும் இல்லாத தாளை ஒட்டாதீர்கள். இலக்கம் ஓர் ஆளின் சொந்தப் போனாக இருக்க வேண்டாம், அவர் வேலை மாறிப் போனால் தாளும் செத்துவிடும். மென்பொருளில் ஒரு பட்டன் இடம் மாறினால் எந்தெந்தப் பக்கத்தைத் திருத்த வேண்டும் என்று ஒரு பட்டியல் வைத்திருங்கள். பட்டனை மாற்றியவரே பக்கத்தையும் திருத்த வேண்டும் என்று முதலிலேயே பேசி முடிவெடுத்துவிடுவது நல்லது, பிறகு பேசினால் நடக்காது.

புதிய தாளைக் கொண்டுபோகும்போது பழையதை நீங்களே கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் சுவரில் இருந்தால் பழகிய பழையதைத்தான் பார்ப்பார்கள். சிலர் தர மாட்டார்கள், ஏனென்றால் ஓரத்தில் பேனாவால் தங்கள் குறிப்புகளை எழுதி வைத்திருப்பார்கள்: 'முதல்ல மெசின் ஒன் பண்ணவும்', 'எஃப்5 ரெண்டு தரம்', 'பெரிய மகனைக் கேள்'. சரி, அவர்களிடமே இருக்கட்டும், நீங்கள் ஒரு படம் மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அந்த ஓரக் குறிப்புகள் எல்லாம் அடுத்த பதிப்பில் அச்சாக வேண்டியவை.